செவலை ஏன் துள்ளியது

குதிரைமேல் ஏறி உட்கார்ந்த முதல் நாள் மதினி சொன்ன முதல் வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏத்தா, அந்தக் காம்பவுண்டுக்கு உள்ள வெண்டை போட்டுருக்காங்க. காய் முத்திப் போச்சு, பறிக்காம விட்டுருக்காங்க பாரு." கீழே நின்றிருந்த எனக்குச் சுவர்தான் தெரிந்தது. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் நாங்கள் இருவரும் நடந்துபோன பாதை அது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. பயந்து அலறுவார், இறக்கிவிடச் சொல்லுவார் என்று நினைத்து நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன், விழுந்தால் என்னவோ நான் தாங்கிப் பிடித்துவிடப் போவதுபோல. அவரோ மேலே உட்கார்ந்துகொண்டு யார் வீட்டு வெண்டைக்காய்க்காகவோ வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

மதினி என் கணவரின் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. நான் எழுமலையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மதினி மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளியூரில் நாலு நாள் தங்கினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓடிவந்துவிடுவார். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போனபிறகு அவருக்கு மிஞ்சியது நிறைய நேரமும் கொஞ்சம் சர்க்கரையும்தான். டாக்டர் நடக்கச் சொன்னார். துணைக்கு நான் போனேன். கண்மாய்க் கரை வரை போய்த் திரும்புவோம். கரைக்கு முன்னால் ஒரு தரிசு நிலத்தில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, மூங்கில் தடுப்பு, ஐந்து குதிரைகள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்திவந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தடுப்புக்கு வெளியே நின்று தினமும் பத்து நிமிடம் வேடிக்கை பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மதினி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தடுப்பைத் தாண்டி உள்ளே போனார். "எங்க வயசுக்காரங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேலையில ஏற முடியாதும்மா" என்றார். "அதுக்கென்ன, நாளைக்குச் சுடிதார்ல வாரேன்" என்றார் மதினி. அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவரோடு நானும் சுடிதாரில் போய் நின்றேன். அவரைத் தனியாக விட மனமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் போகிற இடத்துக்கு நான் போகாமல் இருந்தது கிடையாது.

வீட்டில் கேலிக்குக் குறைச்சலே இல்லை. "அழகருக்கு அடுத்து மதுரையில குதிரை ஏறுனது எங்க அக்காதான்" என்று என் வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எதிர்வீட்டு அம்மா மதினியைப் பார்க்கும்போதெல்லாம், வேட்டைக்கு எப்போது புறப்பாடு என்று கேட்பார். மதினியின் கணவர் மட்டும் கேலி செய்யவில்லை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சர்வேயராக இருந்தார். நாளெல்லாம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, விபத்துக்குக் காரணம் என்ன என்று எழுதுவது அவர் வேலை. சிரிக்கத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பதற்கு முன்னால் விசாரிப்பார். அவர் மதினியிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "விழுறது யாருக்கும் நடக்கும். ஏன் விழுந்தோம்னு தெரிஞ்சா அதைச் சரி பண்ணிட்டு மறுபடி ஏறலாம். ஏன்னு தெரியலைன்னாலும், உன் மேல தப்புன்னாலும், அன்னைக்கோட நிப்பாட்டிடணும். சம்மதமா?" மதினி சம்மதம் என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

குதிரையேற்றம் வெளியே இருந்து பார்க்க ராஜ விளையாட்டுப்போல இருக்கும். ஏறிப் பார்த்தால்தான் தெரியும், முதல் மாதம் முழுக்க அது உட்கார முடியாத வியாதி. தொடையின் உள்பக்கம் தோல் உரிந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம். மதினி போன் செய்து, "ஏத்தா, மாடிப்படி ஏறிட்டியா? நான் கீழேயே படுத்துட்டேன்" என்பார். இருவரும் சிரிப்போம், சிரித்தால் இடுப்பு வலிக்கும். மாஸ்டர் ஏறச் சொல்லிக்கொடுத்ததைவிட விழச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். பாதத்தை மாட்டிக்கொள்ளும் வளையமான அங்கவடியிலிருந்து காலை உடனே உருவிவிட வேண்டும், கையை ஊன்றக் கூடாது, உருள வேண்டும். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். அதைக் காட்டி, "கையை ஊனுனா இப்பிடி" என்பார். குதிரை பெரிய உடம்பும் சின்னப் பயங்களும் உள்ள பிராணி என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். காற்றில் பறக்கிற ஒரு பிளாஸ்டிக் பைக்கு அரை டன் எடை மிரண்டு ஒதுங்கும். அதனால் மாஸ்டர் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். அவரைக் கேட்காமல் குதிரையின் காலடியில் யாரும் எதையும் போடக் கூடாது, தின்பதற்குக்கூட.

எங்களுக்குக் கிடைத்தது செவலை நிறப் பெண்குதிரை. அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வாயில் நுழையாததால் செவலை என்றே கூப்பிட்டோம். நான் அதன்மேல் ஏறினால் அது கழுத்தைத் திருப்பி என் காலை ஒருமுறை மோந்துவிட்டு, சரி இவள்தானா என்பதுபோல நடக்கும். மதினி ஏறினால் காதுகள் இரண்டும் நிமிர்ந்துவிடும். இருபத்தைந்து வருடம் ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கணவர் திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியவர் மதினி. அவர் கையில் கடிவாளம் வந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்குப்பிறகு குதிரையிலிருந்து இறங்கியும் அது குனியவில்லை. ரேஷன் கடை வரிசையில்கூட அப்படியே நிற்பார். ஒருநாள் இறங்கி, செவலையின் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "இது என் பேச்சைக் கேக்குதுத்தா. நான் மனசுல நெனச்சாப் போதும், திரும்புது. இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல யாராச்சும் திரும்பியிருக்காங்களா?"

சர்க்கரை குறைந்தது, தூக்கம் வந்தது, இடுப்பு வலி போனது என்று லாபங்களைக் கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதெல்லாம் உண்மைதான், ஆனால் அதற்காக யாரும் குதிரை ஏற மாட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து மதினி முதல்முறையாகக் கேன்ட்டர் போனதைப் பார்த்தேன். ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான வேகம் அது. மைதானத்தின் அந்தக் கோடியில் செவலை குலுங்கி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று குலுக்கல் நின்று, குதிரையும் ஆளும் ஒரே மூச்சாக, ஊஞ்சல் போவதுபோலப் போனார்கள். வளைவில் திரும்பி என்னைத் தாண்டும்போது மதினியின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய கல்யாணப் படத்தில்கூட அந்த முகம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் பாதி. மீதியை என்னவென்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், பொறாமை. நான் அந்த வேகத்துக்குப் போகவே இல்லை. குதிரை கொஞ்சம் துரிதப்பட்டாலே சேணத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறவள் நான். பிறந்ததிலிருந்து மாட்டையும் ஆட்டையும் பார்த்து வளர்ந்த நான் பயந்தேன். பசுமாட்டைக் கண்டால் தெருவில் ஒதுங்குகிற மதினி பறந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாஸ்டர் எங்களையும் அழைத்திருந்தார். பூஜை முடிந்ததும் மதினி முதல்முறையாக மைதானத்தை விட்டு வெளியே, கண்மாய்க் கரைமேல், தனியாக ஒரு சுற்று போய்வருவது என்று ஏற்பாடு. ஒரு வாரமாக அவர் வேறு பேச்சே பேசவில்லை. எனக்கோ அந்தக் கரைதான் கண்ணில் நின்றது. கரையில் தடுப்பு கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். எழுமலையில் எங்கள் அப்பா டிராக்டருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் பூஜையன்று சாவியைத் தொட மாட்டார். புது வண்டி என்றாலும் பழைய வண்டி என்றாலும் சக்கரத்துக்குக் கீழே பழம் நசுங்கிய பிறகுதான் தெருவுக்கு வரும். கண்பட்டது, கெட்டது எல்லாம் அதோடு போய்விடும் என்று நாங்கள் நம்பினோம். அன்றும் அங்கே எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். புல் ஏற்றிவரும் வேனுக்கு, நாலைந்து இருசக்கர வண்டிகளுக்கு. தண்ணீர் மோட்டாருக்குக்கூட முன்னால் ஒரு பழம் இருந்தது. குதிரைகளுக்கு நெற்றியில் சந்தனமும் குங்குமமும் மட்டும் இட்டார்கள். வண்டிகள் எல்லாம் நகர்ந்து பழங்கள் நசுங்கி, முற்றம் முழுக்கப் புளிப்பு வாசனையாக இருந்தது. செவலையும் ஒரு வண்டிதானே, அதுவும் என் மதினி தனியாகப் போகிற வண்டி, அதற்கு மட்டும் இல்லையா என்று என் புத்தி போயிற்று. மாஸ்டரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். மதினியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அதனால் நான் யாரையும் கேட்கவில்லை.

மதினி ஏறி உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் கரைப் பக்கத்துக் கதவைத் திறக்கத் திரும்பி நடந்தார். நான் குனிந்து செவலையின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்துவிட்டு எழுந்தேன். மதினி கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வாரேன்" என்றார், கீழே பார்க்காமலே. செவலை ஓரடி எடுத்து வைத்தது. வலது லாடத்தின் கீழ் பழம் சட்டென்று வெடித்து வழுக்கியது. கால் நழுவிய குதிரை மிரண்டு ஒரேயடியாகப் பக்கவாட்டில் துள்ளியது. மதினி தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விழுந்தார். விழும்போதுகூட அங்கவடியிலிருந்து காலை உருவிக்கொண்டார், கையை ஊன்றவில்லை. ஆனால் தொட்டியின் சிமெண்ட் விளிம்பு தோளில் பட்டுவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முற்றத்தில் இருபது இடத்தில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழங்களில் எது எந்த வண்டிக்கு வைத்தது என்று எந்தச் சர்வேயராலும் சொல்ல முடியாது. "மாஸ்டர் திரும்பி நின்னுருக்காரு, பாக்கலை. நீ பக்கத்துல நின்னியேத்தா. எதனால துள்ளுச்சு?" என்று கேட்டார். அதட்டவில்லை. அவர் பிரியமாகத்தான் கேட்டார். பழம் வைத்தேன் அண்ணே என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைத் திட்டியிருப்பார், என் வீட்டுக்காரர் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், மதினி தோள் ஆறியதும் மறுபடி ஏறியிருப்பார். அதெல்லாம் அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தே, "திடீர்னு துள்ளிருச்சுண்ணே. நான் கவனிக்கலை" என்றேன். பயத்தில் சொன்னேன் என்று வெகுநாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பயம்தான். ஆனால் அந்தக் கேன்ட்டர் முகத்தை இனிமேல் பார்க்கவேண்டி இருக்காது என்ற நினைப்பும் அதற்கு அடியில் எங்கோ இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"குதிரை தானா இப்பிடிச் செய்யாது. அம்மாவோட குதிகால் பட்டிருக்கணும்" என்று மாஸ்டர் சொன்னாராம். குதிரையின் உடம்பில் கெட்ட சுழி இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்று உறவுக்காரர் ஒருவர் கிளப்பிவிட்டார். கட்டிலில் கட்டோடு படுத்திருந்த மதினி அதைக் கேட்டதும், "சுழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கால்தான் பட்டுருச்சு. அது நல்ல குதிரை" என்றார். செவலைக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அண்ணன் முன்பு போட்ட நிபந்தனையை ஞாபகப்படுத்தினார். மதினி தலையாட்டினார். தோள் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது, ஆனால் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

அதன்பிறகு நாங்கள் நடந்தது எதிர்த்திசையில், மெயின் ரோட்டுப் பக்கம். எட்டு வருடம் ஆகிறது. குதிரைப் பள்ளி இருந்த நிலத்தில் இப்போது வரிசையாக வீடுகள். செவலையை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், யாருக்கு என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அண்ணன் போன வருடம் தவறிப்போனார். யாரிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டுமோ அந்த மனிதர் போய்விட்டார் என்று அன்று நான் அழுத அழுகையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள், கூடப்பிறந்த தங்கச்சிகூட இப்படி அழாது என்றார்கள். அந்தக் காலை நேரங்களுக்காக நான் ஏங்குவது போல வேறு எதற்கும் ஏங்கியதில்லை. குதிரை வியர்வையும் புல்லும் கலந்த வாசனை, தோல் உரிந்த தொடையோடு சிரித்த சிரிப்பு, கோடியிலிருந்து செவலை வரும் காலடிச் சத்தம். எல்லாவற்றையும்விட, நிமிர்ந்த மதினியைப் பார்க்க வேண்டும்போல இருக்கும். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துவிட்டார்.

போன மாதம் மதினிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு நான் அவரோடு தங்கினேன். காலையும் மாலையும் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்க வேண்டும். இடது காலை வைத்துவிட்டு வலது காலைத் தூக்காமல் அப்படியே நிற்பார். "தைரியமா வைங்க மதினி, டாக்டர் நல்லாப் பொருத்தியிருக்காருன்னு சொன்னாருல்ல" என்றேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டரை நம்புறேன்த்தா. இந்தக் காலைத்தான் நம்பல. இது ஒரு தடவை என்னைய ஏமாத்துன காலு. அன்னைக்கு நான் குதிகாலை அசைக்கவே இல்லைன்னுதான் நெனச்சேன். அசைச்சிருக்கேன், எனக்கே தெரியாம. இன்னமும் படுத்தா அதுதான் ஓடுது. எப்ப அசைச்சேன், எதுக்கு அசைச்சேன்னு."

செவலையைக் காப்பாற்றச் சொன்ன பொய் இல்லை அது. எட்டு வருடமாக அவர் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடமிருந்து நான் பறித்தது குதிரையை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். தரையில் உட்கார்ந்து, பழம் வைத்ததிலிருந்து வராந்தாவில் சொன்ன பொய் வரை எதையும் விடாமல் சொன்னேன். பொறாமையையும் சொன்னேன். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. கடைசியில் மதினி கேட்டார்.

"அப்ப என் காலு?"

"அசையவே இல்ல மதினி. நான் உங்க காலுக்குப் பக்கத்துலதான் நின்னேன். செவலை துள்ளுறப்பவும் நீங்க கடிவாளத்தை இழுக்கல."

"முதுகு?"

"நேரா இருந்துச்சு."

"விழுறப்ப?"

"கையை ஊனல. காலை உருவிக்கிட்டீங்க. மாஸ்டர் சொன்ன மாதிரியே விழுந்தீங்க. அந்தத் தொட்டி மட்டும் இல்லைன்னா எந்திரிச்சு மறுபடி ஏறியிருப்பீங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் காலைத் தொடப் போனேன், தட்டிவிட்டார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இப்பப் போயிரு. உன் மூஞ்சியப் பாக்க முடியல." நான் எழுந்து வாசல் வரை போய்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "காலையில வாத்தா. வந்து, நான் ஏறுனதுலருந்து சொல்லு."